ஒன்பதாவது வாரத்துல நான் சொல்லாம விட்டது

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். ஆர்மி ட்ரெய்னிங்கை நான் ஒரே தடவைல முடிக்கல. பாதியில நின்னு, பின்னாடி வந்த பேட்ச்சோட சேர்ந்து மறுபடியும் பண்ணி முடிச்சவன். அதனால "எப்படி பாஸ் பண்றது"ன்னு பாடம் எடுக்கற ஆள் நான் இல்ல. எங்க விழுந்தேன்னு சொல்லத் தெரியும், அவ்வளவுதான்.

நான் பேசறது கண்ணமங்கலத்துல இருந்து. கேட்கறவங்க நிறைய பேர் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூருன்னு சொன்னாங்க, அதனால ஊர் எங்க இருக்குன்னு சொல்லிடறேன். வேலூர்ல இருந்து திருவண்ணாமலை போற ரோட்டுல வந்தா, கணியம்பாடி தாண்டி எங்க ஊர். இந்தப் பக்கம் ஆரணி, அந்தப் பக்கம் ஜவ்வாது மலை. கொஞ்ச தூரத்துல படவேடு. ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஆடி மாசம் போயிருப்பீங்க. அதோட பழைய பேர் படைவீடு. சம்புவராயர்கள் தலைநகரமா வச்சிருந்த இடம். படை தங்கின வீடு. பேர்லயே ராணுவம் இருக்கு.

ஆனா எங்க தெருவுல ராணுவம் கிடையாது. எங்க தெருவுல தறிதான். ஆரணிப் பட்டு நெய்யற வீடுங்க. எங்க வீட்டு முன்கட்டுல குழித்தறி. அப்பா குழியில காலை விட்டு உட்கார்ந்தா, காலைல ஆறு மணிக்கு ஆரம்பிக்கற சத்தம் ராத்திரி வரைக்கும் நிக்காது. நான் பத்து வயசுல இருந்து தார் சுத்தினவன். பதினஞ்சு வயசுல மிதிக்க ஆரம்பிச்சேன்.

வேலூர் போற வழியில கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊர் இருக்கு. ராணுவப்பேட்டைன்னே அதுக்கு இன்னொரு பேர். வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துல இருப்பாங்க, இல்ல இருந்திருப்பாங்க. அப்பா சுபேதார், சித்தப்பா ஹவில்தார், அண்ணன் சிப்பாய். அங்க ஒரு பையன் செலக்‌ஷனுக்குப் போறான்னா, அவனுக்கு என்ன எடுத்துட்டுப் போகணும், எதைத் திங்கணும், எங்க வாயை மூடணும் எல்லாம் திண்ணையிலயே தெரிஞ்சுடும். எங்க தெருவுல யாருக்கும் ஒண்ணும் தெரியாது. நான் ஆர்மிக்குப் போறேன்னு சொன்னப்ப எங்க பாட்டி கேட்ட முதல் கேள்வி, "அங்க தறி போட்டுக் குடுப்பாங்களா?"

அந்த ஊர்ல ரிட்டயர்டு சுபேதார் ஒருத்தர் இருந்தாரு. ஸ்கூல்ல கூடப் படிச்ச பையனோட தாத்தா. நானும் அவரை தாத்தான்னுதான் கூப்பிடுவேன். அவர்கிட்ட போய் நின்னேன். என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "நெசவுக்காரப் பையனா? காலு நல்லா இருக்கும்"ன்னாரு. அப்புறம் நாலஞ்சு விஷயம் சொன்னாரு. காதுல அழுக்கு இருந்தா மெடிக்கல்ல நிறுத்துவாங்க, முன்னாடியே டாக்டர்கிட்ட காட்டு. சொத்தைப் பல் இருந்தா அடைச்சுக்கோ. பச்சை குத்திக்காத. பட்டன் தைக்கக் கத்துக்கோ. இதெல்லாம் சொல்லிட்டு, நான் கிளம்பும்போது வாசல்ல நின்னு கடைசியா ஒண்ணு சொன்னாரு: "வலிச்சா சொல்லிடு. சொல்றதுக்கு வெட்கப்படாத."

மத்த எல்லாத்தையும் பண்ணேன். இதை மட்டும் பண்ணல. மீதிப் பேச்சு அதைப் பத்திதான்.

2002-ல செலக்ட் ஆனேன். தமிழ்நாட்டுப் பையன் ஆர்மின்னா எல்லாரும் நினைக்கறது வெலிங்டன். குன்னூர் பக்கம் இருக்கற மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டர். 1758-ல தொடங்கின ரெஜிமெண்ட், "வீர மதராசி, அடி கொல்லு"ன்னு போர்முழக்கம். அங்க போயிருந்தா மலைக் குளிர் மட்டும்தான் புதுசு, சுத்தி நம்ம தெற்கத்தி ஆளுங்க. எனக்குக் கிடைச்சது வேற பிரிவு. நாலு திசையில இருந்தும் ஆள் எடுக்கற பிரிவு. ட்ரெய்னிங் சென்டர் வடக்க. எந்த ஊருன்னு சொல்லல, நான் யாரையும் குறை சொல்ல வரல.

காட்பாடியில ரயில் ஏறினேன். அப்பா வரல, பாவு தறியில இருந்துச்சு. அம்மா மட்டும் வந்தாங்க.

போன முதல் நாள் முடி வெட்டினாங்க. அரை நிமிஷம்கூட ஆகல. சுத்தி மழிச்சு மேல ஒரு கிண்ணம் கவுத்த மாதிரி. கண்ணாடியில பார்த்தா நான் இல்ல. எங்க ஊர்ல இருந்து இருபத்தஞ்சு கிலோமீட்டர்ல வேலூர் கோட்டை இருக்கு. 1806 ஜூலை 10-ம் தேதி சிப்பாய்ங்க அங்க எழுந்தாங்கன்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. நெத்தியில குறி வைக்கக் கூடாது, தாடி கூடாது, புதுத் தொப்பி போடணும்னு வந்த உத்தரவுதான் அதுக்குப் பெரிய காரணம். பரீட்சைக்குப் படிச்சப்ப, ஒரு தொப்பிக்கா இவ்வளவு சண்டைன்னு நினைச்சேன். அந்த நாற்காலியில உட்கார்ந்தப்பதான் புரிஞ்சுது. ஒரு ஆளை மாத்தணும்னா தலையிலதான் கை வைப்பாங்க.

முதல் ஒரு மாசம் என்னை வாட்டினது ஓட்டம் இல்ல, பாஷை. எனக்கு ஹிந்தியில "பானி" மட்டும் தெரியும், அதுவும் சினிமா பார்த்து. உஸ்தாத், அதாவது எங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்கறவர், "தாஹினே முட்"ன்னு கத்துவாரு. வலது பக்கம் திரும்புன்னு அர்த்தம். நான் பக்கத்துல இருக்கறவனைப் பார்த்துத் திரும்புவேன், அரை செகண்ட் லேட்டா. முப்பது பேர் லைன்ல அரை செகண்ட் லேட்டா திரும்பற ஒருத்தன், கிளாஸ் போர்டுல ஆணி கீறின மாதிரி தெரிவான். அப்புறம் என்ன, ஃப்ரண்ட் ரோல். மைதானத்தோட இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் குட்டிக்கரணம். என்னோட சேர்ந்து மொத்த ஸ்குவாடும். அதுதான் கொடுமை. தப்பு என்னோடது, உருள்றது முப்பது பேர். ராத்திரி பேரக்ல யாரும் என்கிட்ட பேச மாட்டாங்க.

ஒரு நாள் எப்படிப் போகும்னு கேட்டாங்க இல்ல? நாலு மணிக்கு எழுப்புவாங்க. உண்மையில மூணரைக்கே எழுந்துடுவோம், பாத்ரூம் வரிசைக்காக. தாடி இருக்கோ இல்லையோ ஷேவ் பண்ணணும். எனக்கு அப்ப மீசையே சரியா வரல, தினமும் பிளேடு. படுக்கையை மடிப்புக் கலையாம போடணும். நாங்க என்ன பண்ணுவோம்னா, போட்ட படுக்கையை அப்படியே விட்டுட்டு ராத்திரி தரையில படுப்போம். காலைல அஞ்சு நிமிஷம் மிச்சம். அப்புறம் பி.டி., டீ, டிரில், துப்பாக்கி கிளாஸ், லங்கர்ல சாப்பாடு, மறுபடி கிளாஸ், விளையாட்டு, ரோல் கால். நடுராத்திரி ரெண்டு மணி நேரம் காவல். தூக்கம் அஞ்சு மணி நேரம் வந்தா பெரிய விஷயம்.

நான் எதுல நல்லா இருந்தேன் தெரியுமா? துப்பாக்கி பிரிச்சு மாட்டறதுல. இன்சாஸ் ரைஃபிள். கண்ணைக் கட்டிட்டுப் பிரிச்சு மறுபடி சேர்க்கணும். அறுந்த பட்டு இழையை சிம்னி வெளிச்சத்துல முடிச்சுப் போட்ட கை இது. ஸ்குவாட்ல ரெண்டாவதா முடிப்பேன். ஒரு நாள் உஸ்தாத் "எங்க கத்துக்கிட்ட?"ன்னாரு. தறின்னு சொல்லத் தெரியல. கையால நாடா போட்டுக் காட்டினேன். சிரிச்சாரு. நான் அங்க பார்த்த முதல் சிரிப்பு.

சரி, காலுக்கு வர்றேன்.

ஊர்ல நான் எப்படிப் பிராக்டிஸ் பண்ணேன்னா, நாகநதி மணல்ல ஓடுவேன். வெறும் காலோட. ஆத்துல தண்ணி இல்லாதப்ப அதுதான் எங்களுக்கு கிரவுண்டு. செலக்‌ஷனுக்கு ஆறு வாரம் முன்னாடி பயம் வந்து தார் ரோட்டுக்கு மாறிட்டேன். ஒரு நாள் விடாம, ஞாயித்துக்கிழமைகூட. செலக்‌ஷன்ல ஓடி ஜெயிச்சேன். ஆனா அங்க போனதும் எல்லாமே வேற. டிரில்லுக்கு அடியில ஆணி அடிச்ச பூட்ஸ். சிமெண்ட் தரையில குதிகாலை ஓங்கி அடிக்கணும், சத்தம் ஒண்ணா வரணும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அடிப்போம்னு வச்சுக்கோங்க. அதுக்கு மேல முதுகுல பிட்டூ மாட்டி ஓட்டம். மணல்ல ஓடின காலுக்கும், குழியில உட்கார்ந்து மிதிச்ச காலுக்கும் இது தெரியாது.

ஏழாவது வாரம் இடது முழங்காலுக்குக் கீழ, முன்பக்க எலும்புல லேசா வலி. ஓட ஆரம்பிச்சா இருக்கும், சூடானதும் போயிடும். எட்டாவது வாரம் போகல. ஒன்பதாவது வாரம் ராத்திரி படுத்தாலும் வலிச்சுது. ஒரு விரல் நுனி வச்சா, சரியா அந்த இடத்துல, உயிர் போகும்.

எம்.ஐ. ரூம் இருந்துச்சு. மருத்துவம் பார்க்கற இடம். காலைல ரோல் கால்ல கையைத் தூக்கி "சிக் ரிப்போர்ட்"னு சொன்னா அனுப்பியாகணும். யாரும் தடுக்கல. நான் தூக்கல. ஏன்? ஏற்கனவே என்னால முப்பது பேர் உருண்டிருக்காங்க. இப்ப இவன் காலையும் சாக்கு சொல்றான்னு நினைப்பாங்க. அதைவிட பெரிய பயம் ரெலிகேட். ட்ரெய்னிங்ல பின்தங்கினா உன் பேட்ச்சை விட்டு எடுத்து, பின்னாடி வர்ற பேட்ச்ல போடுவாங்க. மாசக்கணக்குல தள்ளிப் போகும். வீட்டுல அப்பா முதலாளிகிட்ட வாங்கின முன்பணம் அப்படியே நிக்குது, என் சம்பளத்துல கழிக்கறதா பேச்சு. உடம்பு சரியாகலைன்னா வீட்டுக்கே அனுப்பிடுவாங்கன்னு கேள்விப்பட்டேன். அதனால கேன்டீன்ல ஒரு பட்டை வாங்கி இறுக்கிக் கட்டி மேல சாக்ஸ் போட்டுக்கிட்டேன். யாரோ குடுத்த வலி மாத்திரை. பத்து நாள் அப்படியே ஓடினேன்.

பத்தாவது வாரம் ஒரு காலைல அஞ்சு கிலோமீட்டர் ஓட்டம். மூணு தாண்டியிருப்பேன். காய்ஞ்ச குச்சி ஒடியற மாதிரி. சத்தம் வெளிய கேட்டுச்சா, எனக்குள்ள மட்டும் கேட்டுச்சான்னு இன்னைக்கும் தெரியல. அடுத்த அடி வச்சேன், கால் தாங்கல.

இது ஒண்ணும் புது நோய் இல்ல. 1855-லயே பிரஷ்யப் படையில இருந்த பிரைட்ஹாப்ட்னு ஒரு ராணுவ டாக்டர், நடந்து நடந்து கால் வீங்கி வலிக்கற சிப்பாய்ங்களைப் பத்தி எழுதியிருக்காரு. அவருக்குக் காரணம் தெரியல. எக்ஸ்ரே 1895-ல வந்துச்சு, அப்புறம்தான் உள்ள எலும்பு விரிசல் விட்டிருக்குன்னு புரிஞ்சுது. மார்ச் ஃப்ராக்ச்சர்னு இன்னைக்கும் பேர். உலகத்துல எந்தப் படையில எடுத்தாலும் புது ரெக்ரூட்டுக்கு இது வரும்.

ஏன் வருதுன்னு எனக்கு ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர் சொன்னாரு, அதை அப்படியே சொல்றேன். எலும்பு செங்கல் மாதிரி செத்த பொருள் இல்ல. புதுசா பாரம் விழுந்தா அது தன்னைத் தானே திருத்திக்கும். ஆனா திருத்தணும்னா முதல்ல பழசை அரிச்சு எடுக்கும், அப்புறம்தான் புதுசு கட்டும். அரிக்கறது சீக்கிரம் நடக்கும், கட்டறதுக்கு வாரக்கணக்குல ஆகும். நடுவுல ஒரு காலம் இருக்கு பாருங்க, அப்ப எலும்பு முன்னைவிட பலவீனமா இருக்கும். தசையும் மூச்சும் அதுக்குள்ள பலமாயிடும். அதனால நீ இன்னும் வேகமா ஓடுவ. எலும்பு மட்டும் பின்னாடி நின்னுட்டு இருக்கும். ஆரம்பத்துல எக்ஸ்ரேல கூட விரிசல் தெரியாம போகலாம். "நீ ஏழாவது வாரத்துல வந்திருந்தா கொஞ்ச வாரம் ஓய்வு குடுத்து அனுப்பியிருப்பேன்"ன்னாரு. அவர் திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

வார்டுல பக்கத்துக் கட்டில்ல ஒரு பையன். ராஜஸ்தான் பக்கம். அவனுக்குத் தொடை எலும்பு. என்னை மாதிரியே மறைச்சவன், என்னைவிட அதிக நாள். தொடை எலும்பு போனா லேசுப்பட்டது இல்ல. ஆபரேஷன் ஆச்சு, அப்புறம் மெடிக்கல் போர்டு உட்கார்ந்துச்சு. அவனை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கருப்பு டிரங்குப் பெட்டி, மேல வெள்ளைப் பெயிண்ட்ல அவனோட நம்பர், அவனே எழுதினது. பெட்டியை வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு துணியை நனைச்சு அந்த நம்பரைத் துடைக்கப் பார்த்தான். பெயிண்ட் போகல. நான் கட்டுக்காலோட ஜன்னல்கிட்ட உட்கார்ந்து பார்த்துட்டு இருந்தேன்.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு லெட்டர் எழுதினேன். அதுவரைக்கும் எழுதின எல்லாத்துலயும் "நலம், நலமறிய ஆவல்"தான். இதுலதான் உண்மையை எழுதினேன். கால் உடைஞ்சிருச்சு, பேட்ச் போச்சு, என்ன ஆகும்னு தெரியல.

மூணு வாரம் கழிச்சு பதில் வந்துச்சு. அப்பாவுக்கு எழுத வராது, தங்கச்சி எழுதினா. நான் எதிர்பார்த்தது ரெண்டுல ஒண்ணு. "தைரியமா இரு, முடிச்சுட்டுத்தான் வரணும்"னு இருக்கும், இல்லன்னா முன்பணத்தைப் பத்தி இருக்கும். அப்பா சொன்னது இவ்வளவுதான்: கால் பத்திரம். தறிக்கும் கால்தான் வேணும். கால் போச்சுன்னா பட்டாளமும் இல்ல, தறியும் இல்ல. ஆகலைன்னா வந்துடு, முன்பணத்தை நான் பார்த்துக்கறேன். கீழ தங்கச்சி அவளா சேர்த்த ஒரு வரி: "அப்பா லெட்டரை நாலு தடவை படிக்கச் சொன்னாரு."

வந்துடுன்னு ஒருத்தர் சொன்னதும் எனக்கு அங்கயே இருக்கணும்னு தோணுச்சு. ஏன்னு விளக்கத் தெரியல.

கட்டு ஆறு வாரம். அப்புறம் நடக்கப் பழகணும். அந்த வார்டுலதான் ஹிந்தி கத்துக்கிட்டேன். சீட்டு விளையாடி. ஒடிசாப் பையன் ஒருத்தன், கை உடைஞ்சவன், எனக்குக் கால் இல்லாததால என் தட்டை அவன் ஒத்தைக் கையால கழுவுவான். அவனுக்கு லெட்டர் மடிச்சு ஒட்ட ரெண்டு கை வேணும், அதை நான் பண்ணுவேன். என் பழைய பேட்ச்சுக்கு கசம் பரேட் நடந்த நாள், பேண்டு சத்தம் வார்டு வரைக்கும் கேட்டுச்சு. கசம் பரேட்னா உறுதிமொழி எடுத்து சிப்பாயாகற அணிவகுப்பு. முப்பது பேர் ஒண்ணா குதிகால் அடிக்கறது கேட்டுச்சு. யாரும் அரை செகண்ட் லேட் இல்ல.

ரெண்டாவது தடவை என்ன மாறுச்சு? திடீர்னு நான் பெரிய வீரன் ஆகல. உஸ்தாத் சொல்றது புரிஞ்சுது, அதுவே பாதி. இன்னொண்ணு, கொப்புளம் வந்தாக்கூட எம்.ஐ. ரூமுக்குப் போனேன். ரெண்டு பேர் கேலி பண்ணாங்க. அதுல ஒருத்தன் ஒரு மாசம் கழிச்சு ராத்திரி என் படுக்கைக்கு வந்து ரகசியமா, "எங்க வலிச்சா போகணும்?"னு கேட்டான். மறுநாள் ரோல் கால்ல நானும் அவனும் சேர்ந்து கை தூக்கினோம். அவனுக்கு வெறும் தசைப்பிடிப்பு. மூணு நாள் ரெஸ்ட்.

2003-ல நானும் கசம் பரேட் எடுத்தேன். அதுக்கப்புறம் இருந்த வருஷங்களைப் பத்தி இன்னைக்குப் பேசல. 2024-ல நாயக் ரேங்க்ல வெளிய வந்தேன்.

இப்ப காலம் மாறிடுச்சு. 2022 ஜூன் 14-ம் தேதி அக்னிபாத் அறிவிச்சாங்க. நாலு வருஷம், அதுல 25 சதவீதம் வரைக்கும்தான் நிரந்தரம். முதல் வருஷம் மாசம் 30,000, அதுல 9,000 பிடிச்சு வைப்பாங்க. வெளிய வரும்போது அரசு போடறதையும் வட்டியையும் சேர்த்து 11 லட்சத்துக்கு மேல கையில வரும். நல்லதா கெட்டதான்னு நிறைய சண்டை இருக்கு, அதுக்குள்ள நான் போகல. ஆனா ஒண்ணு கவனிங்க. மொத்தமே நாலு வருஷம், அதுக்குள்ள நாலுல ஒருத்தனா தெரியணும். எனக்கு இருந்த பயத்தைவிட இன்னைக்குப் போற பசங்களுக்கு மறைக்கறதுக்குக் காரணம் ஜாஸ்தி. அதனாலதான் இதைப் பேச ஒத்துக்கிட்டேன்.

போகணும்னு நினைக்கறவங்களுக்கு: முதல்ல ஆன்லைன் எழுத்துத் தேர்வு, தமிழ்லயும் எழுதலாம். அப்புறம் ரேலி. 1.6 கிலோமீட்டரை 5 நிமிஷம் 30 செகண்டுக்குள்ள ஓடினா 60 மார்க், நேரம் ஏற ஏற மார்க் இறங்கும். பார்ல பத்து புல்-அப் எடுத்தா 40 மார்க். ஒன்பது அடிப் பள்ளம் தாண்டணும், ஜிக்-ஜாக் கட்டையில நடக்கணும். இதெல்லாம் யூடியூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு. பணம் குடுத்தா வேலை வாங்கித் தர்றேன்னு எவன் வந்தாலும் போலீஸ்ல சொல்லுங்க.

வீடியோவுல இல்லாதது கொஞ்சம் சொல்றேன். ரேலி தேதி வந்ததும் ஓட்டத்தைக் கூட்டாதீங்க. ஆறு மாசம் முன்னாடியே மெதுவா ஆரம்பிச்சு, ஒவ்வொரு வாரமும் கொஞ்சமா ஏத்துங்க. வாரத்துல ஒரு நாள் ஓடாதீங்க, அன்னைக்குத்தான் எலும்பு வேலை செய்யுது. மண்ணுல மட்டும் ஓடி ஒரேயடியா தாருக்கு மாறாதீங்க, நான் பண்ண முட்டாள்தனம் அது. ரேலிக்குப் போற அன்னைக்கு வலி ஊசி போட்டுக்கிட்டு ஓடற பசங்களைப் பார்த்திருக்கேன். அந்த ஊசி அன்னைக்கு உங்களைப் பாஸ் பண்ண வைக்கும். ட்ரெய்னிங்ல ஒன்பதாவது வாரம் கூட இருக்காது. எலும்பு நெடுக நீளமா பரவற வலி வேற, ஒரு விரல் நுனியில தொட்டுக் காட்ட முடியற வலி வேற. ரெண்டாவது வகை வந்தா அன்னைக்கே டாக்டர்.

பெரிய நகரத்துப் பசங்களுக்குத் தனியா: ஒரு மாசம் கையால துணி துவைச்சுப் பாருங்க. பத்து பேர் தூங்கற ஹால்ல ஃபேன் இல்லாம தூங்கிப் பாருங்க. அஞ்சு நிமிஷத்துல சாப்பிடப் பழகுங்க. ஹிந்தியில நம்பர் நூறு வரைக்கும், டிரில் கமாண்ட் பத்து. சாவ்தான், விஷ்ராம், தாஹினே முட், பாயே முட், பீச்சே முட். இது தெரிஞ்சா உங்களால முப்பது பேர் உருள மாட்டாங்க. பொண்ணுங்க கேட்டா, மிலிட்டரி போலீஸ்ல சிப்பாயா போகலாம். முதல் பெண்கள் பேட்ச் 83 பேர் 2021-ல பெங்களூர்ல முடிச்சு வெளிய வந்தாங்க. வலி விஷயம் அவங்களுக்கு இன்னும் முக்கியம். இந்த விரிசல் பெண்களுக்கு அதிகமா வருதுன்னு பல நாட்டுப் படையிலயும் பார்த்திருக்காங்க.

இப்ப நான் வேலூர்ல ஒரு பேங்க்ல காவல் வேலை. காலைல அஞ்சு மணிக்கு எங்க ஊர் கிரவுண்டுல பத்துப் பன்னெண்டு பசங்க வருவாங்க. காசு வாங்கறதில்ல. அதுல ஒரு பையன், பத்தொன்பது வயசு, அவங்க வீட்டுலயும் தறி. நல்ல ஓட்டக்காரன். 5:20 எடுப்பான். போன மாசம் அவன் ஓட்டத்துல இடது கால் லேசா இழுக்கறதைப் பார்த்தேன். கூப்பிட்டு, "எங்கடா வலிக்குது?"ன்னேன். "ஒண்ணும் இல்ல மாமா"ன்னான். உட்கார வச்சு எலும்பு மேல விரலை வச்சு அழுத்திக்கிட்டே வந்தேன். ஒரு இடத்துல பல்லைக் கடிச்சான்.

ரேலிக்கு அப்ப நாற்பது நாள்தான் இருந்துச்சு. வேலூர் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டினேன். ஆரம்பம்தான், ஓடாம இருந்தா சரியாயிடும்னாரு. நாலு வாரம். பஸ்ல வரும்போது அவன் என் பக்கம் திரும்பவே இல்ல. கண்ணமங்கலத்துல இறங்கும்போது, "நீங்க பார்க்காம இருந்திருந்தா நான் ஓடியிருப்பேன் மாமா"ன்னான். ஆமா, ஓடியிருப்பான். பாஸும் பண்ணியிருப்பான். நான் என்ன சொல்றது? அவங்க அப்பா என்கிட்ட வந்து கேட்டாரு, இந்த ரேலி போச்சுன்னா அடுத்ததுக்கு வயசு இருக்குமான்னு. இருக்கும்னு கணக்குப் போட்டுக் காட்டினேன். அவருக்குப் பாதி சமாதானம்.

மூணு வாரமா அவன் கிரவுண்டு பக்கமே வரல. முந்தாநாள் வந்தான். ஓடல. ஷூகூடப் போடல, செருப்போட வந்தான். நேரா பார்கிட்ட போய் தொங்கினான். நான் எண்ணலைன்னு நினைச்சுக்கிட்டு எடுத்தான். ஒன்பது.

சரி, நாளைக்கும் அஞ்சு மணிக்கு கிரவுண்டு. வைக்கறேன்.